தாத்தாவைக் காப்பாற்றினால் என் மகள் என்ன ஆவாள்?

காலப்பயணக் கதை எழுதுகிறவர்களுக்கும், அதைப் படமாக எடுக்கக் கிளம்பியிருக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் சைதாப்பேட்டைக்காரி. வயது 52. உங்கள் கதைகளை என் மகள் படிப்பாள், எனக்குச் சொல்வாள். ஒருநாள் 'தாத்தா முரண்' பற்றி விளக்கினாள். ஒருத்தன் காலத்தில் பின்னால் போய்த் தன் தாத்தாவைச் சின்ன வயதிலேயே கொன்றுவிட்டால் அவன் அப்பா பிறக்க மாட்டார், அவனும் பிறக்க மாட்டான், அப்புறம் கொன்றது யார்? நான் கீரை ஆய்ந்துகொண்டே, "ஏம்மா, தாத்தாவை எவனாவது கொல்லப் போவானா? காப்பாத்தத்தானே போவான்?" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

என் அப்பா இறந்தது 1994 நவம்பரில். மாரடைப்பு. வயது 48. அரசு ஊழியர், ஓய்வுக்கு இன்னும் பத்து வருடம் இருந்தது. பணியில் இருக்கும்போது போய்விட்டதால் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை. அம்மாவே கேட்டிருக்கலாம். "நீ போ" என்று சொல்லிவிட்டாள். இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் என்று அலைந்து முடித்ததும் அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கணவர் இறந்துவிட்டபடியால் என்று தொடங்கி, எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்று முடியும். மகளுக்கு வேலை கொடுப்பதில்தான் ஆட்சேபணை இல்லை. அது அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போட்டாள்.

1996இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். மெட்ராஸ் சென்னை ஆனதும் அந்த வருடம்தான். எதிர் மேசையில் இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். 2002இல் மகள் பிறந்தாள். வீடு வாங்கக் கிடைத்த கடன், அம்மாவின் கண் ஆபரேஷன், நாளைக்கு வரப்போகிற பென்ஷன் எல்லாம் அந்த நவம்பரிலிருந்து வந்தவை. முதல் சம்பளத்தில் வாங்கிய அரிசியை அம்மா வடித்துப் போட்ட அன்று எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த மாதம் இறங்கியது. அதுதான் இன்னும் பெரிய குற்றமாகப் பட்டது.

உங்கள் கதைகளில் நாயகன் பின்னால் போகிறான், லாரியை நிறுத்துகிறான், அல்லது டாக்டரைக் கூட்டி வருகிறான். திரும்பி வந்தால் அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மனைவி, குழந்தை, வேலை எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இது எப்படி? என் அப்பா பிழைத்தால் நான் அந்த மேசையில் இல்லை. என் மகள் எங்கேயும் இல்லை. மிஷினுக்கு அத்தனை விதி யோசிக்கிற நீங்கள் இதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? அப்பாவா மகளா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு அப்பா படத்தை நிமிர்ந்து பார்க்க முடியாது என்பதும் தெரியும்.

ரொனால்ட் மாலெட் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியரைப் பற்றி மகள்தான் சொன்னாள். 1955இல் அவருக்குப் பத்து வயது. தகப்பனாருக்கு 33தான், அவருக்கும் மாரடைப்பு. எச்.ஜி.வெல்ஸ் 1895இல் எழுதிய கால இயந்திரக் கதை பையன் கையில் படக்கதையாகக் கிடைத்திருக்கிறது. அந்தக் கதையின் நாயகன் எட்டு லட்சம் வருடம் தள்ளி எதிர்காலத்துக்குப் போகிறவன். அவனுக்குத் தேடிப் போக யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. பையன் மட்டும் பின்னால் போய் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்காகவே இயற்பியல் படித்தார். லேசர் ஒளியைச் சுழலவிட்டுக் காலத்தை வளைக்கலாம் என்று கணக்குப் போட்டார். சக விஞ்ஞானிகள் சிலர் அந்தக் கணக்கில் குறை கண்டார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் அவர் கணக்கிலேயே இருக்கிறது: மிஷினை முதன்முதலில் இயக்கிய நாளுக்கு முன்னால் யாரும் போக முடியாது. அதாவது 1955 கிடையாது. அது தெரிந்தும் அந்த மனிதர் வேலையை விடவில்லை. இதைக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காப்பாற்றாத கதை ஒன்றாவது எழுதுங்கள். போகட்டும், பார்க்கட்டும், வரட்டும். ஆஸ்பத்திரிக் கட்டில் வேண்டாம், கடைசி நேரத்து வசனம் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் பாசத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை.

எனக்குக் கொடுத்தால் 1994இல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போதும். காலை எட்டே முக்கால், சைதாப்பேட்டை ஸ்டேஷன். பீச் போகிற மின்சார ரயில்; அப்போது மீட்டர்கேஜ், பெட்டி குறுகல், நிற்க இடம் இருக்காது. அப்பா மடியில் டிபன் பாக்ஸ் பையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கோட்டையில் இறங்குவார். அதற்குள் மாம்பலம், கோடம்பாக்கம், எழும்பூர் என்று கொஞ்ச நேரம் கிடைக்கும். நான் லேடீஸ் பெட்டியை விட்டுவிட்டு அந்தப் பெட்டியில் ஏறுவேன்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியாது. அவருடைய மகளுக்கு 21 வயது, வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள். நானோ இன்று அவரைவிட நாலு வயது பெரியவள், முக்கால்வாசி நரைத்தவள். வயதான பொம்பளை நிற்பதைப் பார்த்தால் அப்பா உட்கார்ந்திருக்க மாட்டார். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். வீட்டில் என்னை ஆயிரம் தடவை "உட்காரும்மா" என்று சொன்னவர், அங்கே "உட்காருங்கம்மா" என்பார்.

அந்த 'ங்க'வைக் கேட்ட பிறகு கோட்டை வரைக்கும் நான் எப்படி வாயை மூடிக்கொண்டு வருவேன்? அதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
சைதாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி