குலை நோய்ப் பூஞ்சையின் வகையைக் கண்டறிந்து ரகம் பரிந்துரைக்கக் கோரி மனு

அனுப்புநர்:
நெல் விவசாயி,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை.

பொருள்: நெல் குலை நோய்ப் பூஞ்சையின் மரபணுப் பரிசோதனை – கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரணை முதல் கள்ளந்திரி வரை பெரியாறு–வைகை இருபோகப் பாசனத்தில் 45,041 ஏக்கர் இருக்கிறது. என் இரண்டு ஏக்கரும் அதில்தான். போன இரண்டாம் போகத்தில் பிபிடி 5204 என்ற நெல் ரகம் நட்டிருந்தேன். கதிர் வெளிவந்த சமயம் மார்கழிப் பனி விடாமல் பெய்து, கழுத்துக் குலை நோய் விழுந்துவிட்டது. கழுத்து கறுத்து ஒடிந்து பாதிக் கதிர் பதர். கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்தும் பலனில்லை. சரி, பிபிடி நோய் தாங்காது என்பது தெரிந்ததுதான். ஆனால் நோய் தாங்கும் என்று பக்கத்து வயலில் நட்ட ரகத்திலும் இந்த முறை குலை நோயின் அடையாளமான கண் வடிவப் புள்ளிகளைப் பார்த்தேன். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

விதையில் கலப்படம் என்றே முதலில் நினைத்தேன். தாவர நோயியல் படிக்கும் என் மகள் விளக்கிய பிறகுதான் வேறு காரணமும் இருக்கலாம் என்று புரிந்தது. நெல்லில் உள்ள எதிர்ப்பு மரபணு ஒரு காவல்காரன் மாதிரி. பூஞ்சை செலுத்தும் ஒரு புரதத்தை அடையாளம் வைத்துத்தான் அது தடுக்கும். பூஞ்சை அந்தப் புரதத்தின் மரபணுவைத் தொலைத்துவிட்டாலோ, இடம் மாறும் டிஎன்ஏ துண்டு ஒன்று அதற்குள் புகுந்து கெடுத்துவிட்டாலோ காவல்காரனுக்கு ஆள் தெரியாது. ஊர் முழுக்க ஒரே ரகம் நட்டால் அப்படி மாறிய பூஞ்சைதான் பெருகும்.

இந்தப் பூஞ்சையின் மரபணு வரிசை 2005-லேயே வெளியானது. பயிர் நோய்ப் பூஞ்சைகளில் முதலில் முழுதாகப் படிக்கப்பட்டது இதுதான். 2016-ல் வங்கதேசக் கோதுமையில் குலை நோய் பரவியபோது, வயலில் எடுத்த இலைகளிலிருந்தே மரபணுவைப் படித்து, அது உள்ளூர் நெல்லிலிருந்து தாவியதல்ல, தென் அமெரிக்கக் கோதுமையைத் தாக்கும் வகை என்று விரைவிலேயே கண்டுபிடித்தார்கள். நம் வயல்களில் எந்த வகை இருக்கிறது என்று தெரியாமலே நாங்கள் மருந்து அடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, வேளாண்மைத் துறையும் 1965 முதல் இங்கே இயங்கும் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றிலும் நோய் மாதிரிகள் எடுத்து, பூஞ்சையின் வகையையும் எந்த எதிர்ப்பு மரபணு இன்னும் தாங்குகிறது என்பதையும் கண்டறிய உத்தரவிட வேண்டுகிறேன். அடுத்த இரண்டாம் போகத்துக்கு நாற்றங்கால் பாவுவதற்குள் முடிவு கிடைத்தால்தான் உதவும். அப்புறம், பரிந்துரைக்கும் ரகத்தின் விதை வேளாண்மை விரிவாக்க மையத்தில் இருப்பு இருக்க வேண்டும். ஒரே ரகத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

நோய் பிடித்த கதிர்களைக் காயவைத்துக் காகித உறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவித்தால் நானே கொண்டு வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நெல் விவசாயி, வாடிப்பட்டி வட்டம்.