பேரனுக்கு ஒரு வாள்

கோபி
ஆனி 22

அன்புள்ள கண்ணு,

பையன் பள்ளிக்கூட விழாவில் தீரன் சின்னமலை வேசம் கட்டுகிறான் என்றதும், கடையில் விற்கும் ஜிகினா ஒட்டிய பிளாஸ்டிக் வாளை வாங்கிவிடாதே சாமி. அது ஒரு தட்டுக்கே உடையும், உடைந்த முனை கிழிக்கும். சின்னமலையை 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்து வாள் என்றால் லேசாக வளைந்த அலகும் பிடியின் அடியில் வட்டத் தட்டும் போதும், பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.

அளவைப் படத்தைப் பார்த்து எடுக்காதே, அவன் கையைப் பார்த்து எடு. கையைத் தொங்கவிட்டால் முஷ்டிக்கும் தரைக்கும் 50 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாய். அலகு 45 இருக்கட்டும். அதற்கு மேல் போனால் முனை தரையில் இழுபடும், மேடை ஏறும்போது காலில் மாட்டும். அகலம் 5. வளைவு 2 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உள்ளே நேரான மூங்கில் பிளாச்சு போகிறது, வளைவு கூடினால் அது ஓரத்தில் முட்டிக்கொண்டு வெளியே வரும்.

ஈ.வி.ஏ. என்கிற மெத்தென்ற ஃபோம் ஷீட் 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்று, 5 மில்லியில் ஒன்று வாங்கு. குழந்தைகளுக்குத் தரையில் கோத்துப் போடும் பாய் கிடைத்தால் 10 மில்லிக்கு அதுவே ஆகும். தெர்மோகோல் வேண்டாம், ரப்பர் பசை பட்டாலே கரைந்து குழி விழும். 10 மில்லியில் ஒரு அலகு, 5 மில்லியில் இரண்டு அலகு வெட்டு; தடித்தது நடுவில், மெல்லிசு இரண்டும் அதன் இரு பக்கமும் வரும். கத்திக்குப் புது பிளேடு போடு, மழுங்கினது அறுக்காமல் பிய்க்கும். தடித்த அலகின் நடுவில் 12 மில்லி அகலத்துக்குப் பிளாச்சுக்கு வழி விடு. முனைக்கு 5 சென்டிமீட்டர் முன்னாலேயே அந்த வழி நின்றுவிட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் கை தவறக் கூடாது. முனை வரைக்கும் மூங்கில் போனால் நாலு குத்தில் ஃபோமைத் துளைத்து வந்துவிடும், அப்புறம் அது விளையாட்டுச் சாமான் இல்லை. பிளாச்சின் நுனியை உருட்டித் தேய்த்து, துணி டேப் சுற்றி வை.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். 998. வெள்ளைப் பசை ஃபோமைப் பிடிக்காது. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விடு. ஈரத்தோடு ஒட்டினால் மறுநாளே உரியும். பதத்தில் ஒட்டினால் நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஒரு காகிதம் வைத்து, பிடிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அமுக்கு. ஜன்னலைத் திறந்து வை, அடுப்புப் பக்கம் போகாதே.

ஓரத்தை 80 நம்பர் உப்புத்தாளில் சரித்து, 220-ல் வழவழப்பாக்கு. கூர் தெரியட்டும், ஆனால் விரலில் அழுத்தாமல் உருண்டிருக்கட்டும். பிறகு ஹீட் கன்னை ஒரு சாண் தூரத்தில் ஓட்டிக்கொண்டே போ. ஃபோம் லேசாக மினுங்கினால் அதன் பொடித் துளைகள் அடைபட்டுவிட்டன, நகர்ந்துவிடு. ஒரே இடத்தில் நிறுத்தினால் சுருங்கி அலகே கோணிக்கொள்ளும்.

பிடி கோக்கும் வரிசை மாறக் கூடாது. முதலில் குறுக்குக்கட்டை: 10 மில்லியில் இரண்டு, 9 சென்டிமீட்டர் நீளம், நடுவில் துளை. அப்புறம் 8 சென்டிமீட்டருக்கு 5 மில்லி ஃபோமைச் சுற்றி, மேலே பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப். கடைசியில் வட்டத் தட்டு இரண்டு. ஒன்றைத் துளையிட்டுப் பிளாச்சில் கோத்துவிடு, இன்னொன்றை அதன்மேல் மூடி ஒட்டு. ஒட்டு மட்டும் நம்பின தட்டுதான் முதலில் கழன்று விழும். தட்டு 5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், வாளைச் சுழற்றும்போது மணிக்கட்டில் இடிக்கும்.

வெள்ளை ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மூன்று தரம் பூசு. இது ஒட்டுவதற்கில்லை, பெயின்ட்டை ஃபோம் குடிக்காமல் இருக்க. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. மேலே அக்ரிலிக் கறுப்பு, அதன்மேல் வெள்ளியைத் துணியில் தொட்டு ஒற்று. நேரே வெள்ளி அடித்தால் சாம்பல் பூசினது மாதிரி இருக்கும். எனாமல் வேண்டாம், வளைத்தால் வெடிக்கும்.

காய்ந்த மூங்கிலில் 51 சென்டிமீட்டர் பிளாச்சு இரண்டு பார்சலில் வைத்திருக்கிறேன். 12 மில்லி அகலம், 10 மில்லி தடிமன், கணுவைச் சீவிவிட்டேன். ஒன்று போதும், இன்னொன்று உடைந்தால் மாற்ற. ஒப்புட்டு அம்மா வைத்தது, அதை முதலில் எடு. வாளை முடித்த பிறகு வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள், கோணிவிடும். மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

அப்பா