லண்டனோடு நின்றுவிட்ட பயணக் கட்டுரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரிட்டன் பயணக் கட்டுரையைப் படித்தேன். டவர் பிரிட்ஜ், அரண்மனைக் காவலர்கள், லண்டன் ஐ, கடைசியில் ஏரி மாவட்டத்துக்கு ஒரு நாள் பஸ். அங்கேயும் படகில் ஒரு சுற்று, ஒரு ஐஸ்கிரீம், உடனே திரும்பிவிட்டார்கள். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பதினான்கு வருடமாக மான்செஸ்டர் பக்கத்தில் இருந்தும் போன வருடம்வரை நானும் அப்படித்தான். மழை பெய்தால் வீடு, வெயில் அடித்தால் கடைத்தெரு. ஆனால் “இந்த நாட்டைப் பார்க்கக் காசைக் கொட்ட வேண்டும்” என்று ஒரு வரி இருந்தது பாருங்கள், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஜனவரியில் கூட வேலை செய்கிற ஒருவர் என்னையும் கணவரையும் மாம் டோர் என்ற குன்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். உயரம் 517 மீட்டர். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். உச்சிவரை கல் பாவிய பாதை. எனக்கு உச்சியைவிடப் பிடித்தது கீழே இருந்த செத்துப்போன சாலை. மலையின் ஒரு பக்கம் ஓயாமல் சரிந்துகொண்டே இருப்பதால், அந்த நெடுஞ்சாலையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டுப் பார்த்து, 1979இல் கைகழுவிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் போட்ட தார் அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கிறது. அதன்மேல் ஏறி இறங்கித்தான் வீடு திரும்பினோம். அன்றே கடையில் நுழைந்து ஆர்டினன்ஸ் சர்வே (அரசு நில அளவை நிறுவனம்) வரைபடம் ஒன்று வாங்கினேன். நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்கிற அளவு. சுவர்கூட விடாமல் போட்டிருக்கிறார்கள்.

அதில் பச்சைக் கோடு கோடாக ஓடுவதெல்லாம் பொதுப்பாதை. இதைத்தான் கட்டுரையாளர் தவறவிட்டார். நிலம் தனியாருடையது, ஆனால் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. யாரோ ஒருவருடைய வயலுக்குள், ஆட்டுக்கிடை ஓரமாக, சில இடங்களில் வீட்டுக் கொல்லைப்புறமாகவே பாதை போகும். வேலி வந்தால் தாண்ட மரப்படி வைத்திருப்பார்கள். வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதுவிட்டால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி நடக்கும்படி செய்து தர வேண்டும். நம் கடமை, திறந்த கேட்டைத் திரும்பச் சாத்துவது. முதல் தடவை ஒரு பண்ணை முற்றத்தில் நுழைந்தபோது, யாராவது வந்து விரட்டப்போகிறார்கள் என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அம்மா ஜன்னலிலிருந்து கையாட்டியதோடு சரி.

இந்த உரிமை எல்லா இடத்திலும் சும்மா கிடைத்துவிடவில்லை. ஏப்ரலில் எடேலில் ரயிலிறங்கி கிண்டர் ஸ்கவுட் ஏறினோம். 636 மீட்டர், உச்சி எதுவென்றே தெரியாத மொட்டை மேட்டுநிலம். தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க ஏங்கிய காலத்தில் இந்த மேடு கௌதாரி மாதிரியான குரௌஸ் பறவையைச் சுடுவதற்கென்று பூட்டிக் கிடந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று, பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர் முன்னால் நிற்க, சுமார் நானூறு பேர் மறுபக்கத்து ஹேஃபீல்டிலிருந்து அத்துமீறி ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. ஐந்து பேருக்கு இரண்டிலிருந்து ஆறு மாதம்வரை சிறை. தேசியப் பூங்காச் சட்டம் வந்தது 1949இல். முதல் பூங்கா 1951இல், மாம் டோரும் கிண்டர் ஸ்கவுட்டும் இருக்கிற இந்தப் பீக் மாவட்டம். மேடுகளிலும் தரிசுகளிலும் பாதையை விட்டு இறங்கித் திரியும் உரிமைக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2002இல், எழுபதாம் ஆண்டு நிகழ்ச்சியில், அன்றைய டெவன்ஷயர் கோமகன், இந்த மேட்டின் சொந்தக்காரராக இருந்த தன் பாட்டனார் காலத்தில் நடந்ததற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

அங்கே கிண்டர் டவுன்ஃபால் என்று ஓர் அருவி. மேற்குக் காற்று பலமாக அடித்தால் தண்ணீர் கீழே விழாமல் மேலே பறக்கும். நாங்கள் போன அன்று பாதி விழுந்தது, பாதி திரும்பி வந்து எங்களை நனைத்தது. அந்த வேடிக்கையில் பாதையைக் கவனிக்காமல் செடிகள் மக்கி ஊறிய கரிச்சேற்றில் கால் வைத்து இடது ஷூவைப் பறிகொடுத்தேன். முழங்கைவரை விட்டுத் துழாவி எடுத்தார் கணவர். கட்டிக்கொண்டு போன தயிர்சாதம் விறைத்துப்போயிருந்தது. அன்றிலிருந்து புளியோதரைதான், கூடவே ஃபிளாஸ்க் நிறைய டீ.

அப்புறம் கோடையில் பெனிகெண்ட் ஏறினோம். யார்க்‌ஷயரின் மூன்று சிகரங்களையும் ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு, என் முழங்கால் ஒன்றோடு போதும் என்றது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். எங்களுக்கு அதில் ஒன்றரை மடங்கு. ஆகஸ்டில் மேடெல்லாம் ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதாவாகிவிடும். செப்டம்பரில் தென்கடலோரத்து செவன் சிஸ்டர்ஸ். சுண்ணாம்புப் பாறை, படங்களில் அழகு. நடந்தால் ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. கூட்டம் வேறு.

நவம்பர் நடையைத்தான் மறக்க முடியவில்லை. கட்டுரையாளர் படகு விட்ட அதே ஏரி மாவட்டத்தில் கிரேட் கேபிள், 899 மீட்டர். முதல் உலகப் போரில் இறந்த தங்கள் உறுப்பினர் இருபது பேரின் நினைவாக, ஒரு மலையேறிகள் சங்கம் இந்த மேட்டுநிலத்தை வாங்கி தேசிய அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டது. சிலை இல்லை, மண்டபம் இல்லை, மலைதான் நினைவுச்சின்னம். உச்சிப் பாறையில் பதித்த ஒரு வெண்கலப் பலகை மட்டும். போர் நினைவு ஞாயிறன்று காலை பதினோரு மணிக்கு அங்கே கூடுவார்கள். இருட்டில் சீத்வெய்ட்டிலிருந்து கிளம்பினோம். இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்வது அங்கேதான் என்பார்கள், அன்றும் பெய்தது. மேலே மேகத்துக்குள் நிறையப் பேர், மழைக்கோட்டும் முக்காடுமாக. இரண்டு நிமிடம் ஒரு சத்தம் இல்லை, துணி காற்றில் படபடப்பதைத் தவிர. அப்புறம் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் எனக்கு இஞ்சி பிஸ்கட் நீட்டினார். மலையில் எதிரே வருகிற எல்லோரும் ஹலோ சொல்வார்கள். அதே ஆட்கள் திங்கட்கிழமை ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் முகம் பார்க்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் ரயில், பெட்ரோல் போக எங்களுக்குப் பெரிய செலவு ஷூவும் மழைக்கோட்டும்தான். கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால், மான்செஸ்டர் பிக்கடிலியில் ஏறி எடேலில் இறங்கச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம்தான். குளிர்காலம் என்றால் நாலு மணிக்கே இருட்டிவிடும், டார்ச் இல்லாமல் வர வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி, ஸ்டாக்போர்ட், இங்கிலாந்து