நீ குறுக்கே வரவில்லை, பாப்பா

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

போன வாரம் அடுப்படியில் பாட்டி சொன்னது உன் காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். "இவ மட்டும் வயித்துல வராம இருந்திருந்தா நீ பத்தாவது முடிச்சிருப்ப." அன்று சாயங்காலமே சேலம் பஸ் ஏறிவிட்டாய். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

என் படிப்பு நின்றது உன்னால் இல்லை. நீ பிறப்பதற்கு முந்தின வருடமே, காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு எனக்குப் பரிசம் போட்டுவிட்டார்கள். தாத்தாவும் பாட்டியும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டும். வயதுக்கு வந்த பெண்ணை யாரிடம் விட்டுப் போவது என்ற பயம். பெண்ணுக்கு 18 ஆக வேண்டும் என்பது 1978-லிருந்தே சட்டம். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பேசக்கூட இல்லை.

2007-ல் நீ பிறந்தபோது எனக்கு 17. ரத்தம் குறைவு என்று நர்சம்மா கொடுத்த சத்து மாத்திரையை, குமட்டுகிறது என்று கொல்லையில் வீசிவிடுவேன். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு கொடுத்த பிரசவ உதவிப் பணம் 6,000 ரூபாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். "பத்தொம்பதுன்னு சொல்லுடி" என்று பாட்டி என் கையைக் கிள்ளினார். சொன்னேன். நர்சம்மா எழுதாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எத்தனாவது வரைக்கும் படிச்சே?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு அப்புறம் அதை என்னிடம் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

நீ அழுதால் கூடவே நானும் அழுவேன். தலை நிற்காத உன்னைத் தூக்கவே கை நடுங்கும். ஆனால் நீ பள்ளிக்கூடம் போன பிறகுதான் வீட்டில் மறுபடி புத்தகம் வந்தது. உன் நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கை, நீ தூங்கியதும் தனியாகப் போட்டுப் பார்ப்பேன். விடை சரியாக வந்தால் அன்றைக்குத் தூக்கமே வராது, அவ்வளவு சந்தோஷம்.

மேலத்தெருப் பெண்ணுக்குப் 16 வயதில் நிச்சயம் பேசினார்களே, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டது நான்தான். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.

உன் படிப்புக்கு அரசு மாதாமாதம் தரும் புதுமைப் பெண் பணம் 1,000 ரூபாயை இங்கே அனுப்பாதே. நர்சிங் புத்தகம் வாங்கிக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

அப்புறம் ஒரு விஷயம். பத்தாவதுக்குத் தனித்தேர்வராக விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பணம் அப்பாதான் கட்டினார். உன் பழைய புத்தகங்களை நான் எடைக்குப் போடவில்லை. கணக்கில் வடிவியல்தான் புரியவே மாட்டேன் என்கிறது. லீவுக்கு வரும்போது சொல்லிக்கொடு. வரும் வழியில் காம்பஸ் ஒன்று வாங்கி வா.

அம்மா