காணி இருக்கு, காசு இல்லை

கிளிநொச்சி
வைகாசி

அன்பின் மச்சான்,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டியிருப்பாய். மனிசிக்கு நெஞ்சில் அடைப்பு. அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வரும்வரை காத்திருக்கப் பயந்து, மாசியில் கொழும்பில் தனியாரில் சிகிச்சை செய்தோம். இப்போது சுகம். என்னை அதட்டுகிற அளவுக்குச் சுகம்.

பரந்தன் பக்கம் வீதிக்கரைக் காணி ஒன்று பார், ஓய்வுக் காசு முழுவதையும் போடுகிறேன் என்றாயே. பார்க்கிறேன். முதலில் என் கதையைக் கேள்.

அடைப்பு என்று தெரிந்த அன்று என்னிடம் மூன்று ஏக்கர் இருந்தது, கையில் பத்தாயிரம் இல்லை. இரணைமடுத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் வயலும் அப்பாவின் பெர்மிட் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குள் வருவது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாறாது. மிச்சம் ஏ9 வீதி ஓரத்து உறுதிக் காணி, சொந்தப் பத்திரம் உள்ளது. "நாளைக்கே போயிடும் அண்ணை" என்றான் புரோக்கர். அந்த நாளை நாலு மாதம் நீண்டது.

வாங்க வந்த முதலாமவர் பெரும்போகம் வெட்டினபிறகு மூன்று தவணையில் தருகிறேன் என்றார். இரண்டாமவர் விறாந்தையில் மருந்துப் பையைக் கண்டார். விலை அந்த இடத்திலேயே பாதியானது. மூன்றாமவர் நல்ல மனிதர். ஆனால் உறுதியில் தம்பியின் பெயரும் இருந்தது. அவனுக்காக நான் கையெழுத்துப் போடப் பிரான்சிலிருந்து அற்றோர்னித் தத்துவம் வரும்வரை அவர் பொறுக்கவில்லை. வெளிநாட்டு ஆட்களிடம் கேட்டால், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரட்டைக் குடியுரிமை இல்லாதவர் பெயரில் எழுத வழியில்லை. நீ அந்தக் குடியுரிமையை எடுத்துவைத்திருக்கிறாய், கெட்டிக்காரன்.

கடைசியில் அவளுடைய தாலிக்கொடியும் காப்புகளும் அடகுக் கடையில் அரை மணித்தியாலத்தில் காசாகின. நகையில் காசை முடக்காதே என்று இருபது வருடம் அவளுக்குப் பிரசங்கம் செய்தவன் நான்!

2022இல் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது வங்கிக் காசு கரைந்தது, காணி நின்றது என்பாய். சரிதான். நின்றது, அசையவும் இல்லை. விலை ஏறியிருக்கு என்று ஊர் சொல்வது, வாங்க ஒருவன் காசோடு வரும்வரை வெறும் பேச்சு மச்சான். உனக்கும் சீனி, பிரஷர். இரண்டு வருடச் செலவுக்காவது வங்கியில் நிலையான வைப்பில் போடு. நடுவில் உடைத்தால் வட்டிதான் குறையும், முதல் கைக்கு வரும். பத்து வருடம் தொடத் தேவையில்லாத காசுக்கு மட்டும் காணி பார்ப்போம். அதுவும் தனிப்பெயர் உறுதி. எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் லட்சத்துக்கு 3, மீதிக்கு 4 சதவீதம், வாங்குகிற உன் செலவுதான்.

என் காணித் துண்டையே உன் தலையில் கட்டலாமே என்கிறாள் மனிசி. அந்தப் பாவம் வேண்டாம். கொடி இன்னும் அடகில்தான். விற்பனைப் பலகையில் மாடுகள் முதுகு தேய்த்து, ஃபோன் நம்பர் பாதி அழிந்துவிட்டது.

பாலைப்பழம் தொடங்கிவிட்டது. வருவதென்றால் இப்போதே வா.

உன்
சோடாக்காரன்