டெராஹெர்ட்ஸும் எக்ஸ் கதிரும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்பு ஒளிக்கும் இடைப்பட்ட டெராஹெர்ட்ஸ் அலைகளைப் பற்றி அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டுவது போல இது நானோ அமைப்புகளைப் படம் பிடிக்கிறது என்று எழுதிவிட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 1 டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் 0.3 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடப் பெரியது. அதை வைத்து 50 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துகளைப் பார்ப்பது மண்வெட்டியால் முள்ளெடுக்கிற கதை.

அப்புறம் எப்படித்தான் அளக்கிறார்கள்? மிக மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைத் தரும் ஃபெம்டோசெகண்ட் லேசரை வைத்து ஒரு டெராஹெர்ட்ஸ் துடிப்பை உண்டாக்கி, ஆராய வேண்டிய மாதிரிக்குள் அனுப்பி, வெளியே வரும் மின்புலம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பதிவு செய்கிறார்கள். அலையின் வீச்சோடு (உயரம்) கட்டமும் (phase, அதாவது அலை எவ்வளவு முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது) சேர்ந்தே கிடைப்பதால், மாதிரியில் ஒரு கம்பிகூட ஒட்டாமல் மின்கடத்துதிறனைக் கணக்கிட்டுவிடலாம். 1 டெராஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 1 பிக்கோசெகண்ட் (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆகும், அதற்குள் நானோ துகளில் அடைபட்ட எலக்ட்ரான் சுவரில் முட்டித் திரும்பிவிடும். அதனால் சாதாரண உலோகத்தில் அதிர்வெண் ஏற ஏறக் குறைய வேண்டிய கடத்துதிறன், இந்த மாதிரிகளில் பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும். அந்த வளைவு சொல்வது எக்கச்சக்கமான துகள்களின் சராசரியை. தனி ஒரு துகள் எப்படி இருக்கிறது என்று அதில் தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, கருவிப் பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனை ஓட விடாமல் அளந்தால், காற்றின் ஈரம் அலையை உறிஞ்சுவதால் அளந்த வளைவில் 0.557 டெராஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். முதல் வருஷம் அதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்று நம்பி நான் இரண்டு நாள் துள்ளிக் குதித்ததை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சரி, நிஜமாகவே படம் எடுக்கும் முறையும் உண்டு. ஊசியால் பரப்பைத் தடவிப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கியின் உலோக ஊசிமுனை ஆன்டெனா போல அலையைத் தன் நுனியில் குவிக்கும், நுனி எவ்வளவு கூரோ அவ்வளவு நுணுக்கம், அலைநீளத்தைப் பற்றிக் கவலையில்லை. 2008-இல் ஹூபர், கைல்மன், ஹில்லன்பிராண்ட் குழு 2.54 டெராஹெர்ட்ஸில் 40 நானோமீட்டர் நுணுக்கத்தோடு டிரான்சிஸ்டருக்குள் மின்னூட்டங்கள் நடமாடும் இடங்களைக் காட்டியது இப்படித்தான்.

துடிப்பை அனுப்பிச் சராசரியை அளப்பது, ஊசிமுனையால் படம் எடுப்பது என்ற இந்த இரண்டையும் உங்கள் கட்டுரை ஒரே கருவி போலக் கலந்துவிட்டது. கதிர்வீச்சு ஆபத்து இல்லை என்று எழுதியது சரி, 1 டெராஹெர்ட்ஸ் ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றல் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான், எக்ஸ் கதிர் போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க அது போதாது. 'படம்' என்ற சொல்லை மட்டும் ஊசிமுனை முறைக்கு வைத்துக்கொண்டு ஒரு சிறு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக மாணவன்