கழித்துப் பார்த்தால் வரிசை வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நிரலாக்கப் பகுதியில், ஜாவா நிரல்மொழியில் ஆப்ஜெக்ட்களை (தரவுப் பொருட்களை) ஒப்பிட்டு வரிசைப்படுத்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம் தமிழில் எழுத ஆள் இருப்பதே சந்தோஷம்தான். ஆனால் கம்பேர்டூ மெத்தடில் (இரண்டில் எது முன்னால் வரும் என்று சொல்லும் செயல்கூறு) ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழித்து விடையைத் திருப்பி அனுப்பினால் போதும் என்று ஒரு சுருக்குவழி சொல்லியிருக்கிறார்களே, மாணவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

ஜாவாவில் அந்த மெத்தடிடம் கேட்கப்படுவது விடை மைனஸா (முதலாவது சிறியது), பூஜ்யமா (சமம்), பிளஸ்ஸா (முதலாவது பெரியது) என்பது மட்டும்தான். எண்கள் சிறியதாக இருக்கும்வரை கழித்தல் ஒழுங்காகவே வேலை செய்யும், அதனால் சோதனையில் மாட்டவே மாட்டாது. இன்ட் என்ற முழு எண் வகை 32 பிட், அதில் அடங்குகிற பெரிய எண் 2147483647. 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் 400 கோடி வரவேண்டும், ஆனால் இடம் போதாமல் மைனஸ் 294967296 வந்து நிற்கும். பெரியது சிறியதாகிவிட்டது! இன்டிஜர் கிளாஸிலேயே கம்பேர் என்று தயாராக ஒரு மெத்தட் இருக்கிறது, அதை அழைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

வரிசை கொஞ்சம் கலைவதோடு போனால்கூடப் பரவாயில்லை. முதலாவது இரண்டாவதைவிடச் சிறியது, இரண்டாவது மூன்றாவதைவிடச் சிறியது என்றால் முதலாவது மூன்றாவதைவிடச் சிறியதாக இருந்தே ஆகவேண்டும். அதை நம்பித்தான் சார்ட் (வரிசைப்படுத்தும் மெத்தட்) எல்லா ஜோடிகளையும் ஒப்பிடாமல் வேலையை முடிக்கிறது. கழித்தல் இந்த விதியையே உடைத்துவிடும். 2011-இல் வந்த ஜாவா 7 முதல் ஆப்ஜெக்ட்களை வரிசைப்படுத்துவது டிம்சார்ட் என்ற முறை (டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக எழுதியது), ஒப்பீட்டில் முரண் இருப்பது கண்ணில் பட்டால் அது பிழையை வீசிவிட்டு நின்றுவிடும். பட்டால்தான். 32-க்கும் குறைவான உறுப்புகள் உள்ள பட்டியலில் அந்தச் சோதனைக்கே போகாது, ஆகவே பத்துப் பெயரை வைத்துச் சரிபார்த்தேன் என்பது ஒரு பேச்சே இல்லை. சி பிளஸ் பிளஸில் இன்னும் மோசம், அங்கே எச்சரிக்கைகூட வராமல் நிரல் தன் எல்லைக்கு வெளியே இருக்கும் நினைவகத்தைப் படிக்கப் போய்விடலாம்.

இன்னொன்று, கட்டுரையில் வந்த மாணவர் கிளாஸ். மதிப்பெண்ணை மட்டும் வைத்து கம்பேர்டூ எழுதியிருக்கிறார்கள். அந்த ஆப்ஜெக்ட்களை ஒரு டிரீசெட்டில் (ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும், வரிசையாக வைக்கும் தொகுப்பு) போட்டுப் பாருங்கள், ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரில் இரண்டாவதாக வந்தவர் காணாமல் போய்விடுவார். இரண்டும் சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸ் மெத்தடை டிரீசெட் பார்ப்பதில்லை, ஒப்பீட்டில் பூஜ்யம் வந்தால் இரண்டும் ஒன்றுதான் அதற்கு. ஜாவாவின் சொந்த பிக்டெசிமல் என்ற தசம எண் கிளாஸிலேயே இது இருக்கிறது: 2.0, 2.00 இரண்டையும் ஈக்வல்ஸைப் பார்க்கும் ஹாஷ்செட்டில் போட்டால் இரண்டும் இருக்கும், டிரீசெட்டில் ஒன்றுதான் நிற்கும்.

என்னைக் கேட்டால் அந்தக் கிளாஸுக்கு, கம்பேர்டூவை எழுதச் சொல்லும் கம்பேரபிளே தேவையில்லை. தேதிக்கு யாரும் மறுக்காத ஒரு வரிசை இருக்கிறது, சரி. மாணவருக்கு எது இயல்பான வரிசை, பெயரா, மதிப்பெண்ணா, பதிவெண்ணா? இடத்துக்கு இடம் மாறுகிற வரிசையை கிளாஸுக்கு வெளியே தனி கம்பேரேட்டராக (ஒப்பிடும் வேலையை மட்டும் செய்யும் ஆப்ஜெக்ட்) வைப்பதுதான் நல்லது. ஜாவா 8-இல் இருந்து கம்பேரிங், அப்புறம் தென்கம்பேரிங் என்று தொடுத்து எழுதலாம். முதலில் மதிப்பெண், அதில் சமமானால் பதிவெண் என்று ஒரே வரியில் முடிந்துவிடும், யாரும் தொலையமாட்டார்கள்.

பெயர்வாரியாக அடுக்குவதற்கு ஸ்டிரிங் என்ற எழுத்துத் தொடரின் கம்பேர்டூவையே நம்பச் சொன்னதும் தமிழ்ப் பெயர்களுக்குச் சரிவராது. அது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிகோட் எண்ணைத்தான் பார்க்கும், அந்த எண்வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்தே வந்துவிடும், வ என்பது ள, ழ இரண்டையும் தாண்டிப் போய் உட்காரும். அகராதி வரிசை வேண்டுமென்றால் ஐசியு என்ற பன்மொழி நிரல் நூலகத்தின் கொலேட்டரைப் (மொழிக்கேற்ற வரிசையில் ஒப்பிடும் கருவி) பயன்படுத்த வேண்டும்.

அடுத்த பகுதியில் கழித்தல் வரியையாவது திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்